வாசல் தெரியும் நாற்காலி: புதுச்சேரியில் ஒரு வாடகைப் பதிவு அறை

புதுச்சேரி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், இரண்டாவது மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை. ஒலிப்பதிவு, வீடியோ எடுப்பதற்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 700 ரூபாய், கேமராவும் வேண்டுமென்றால் கூட 500. கடந்த ஒன்றரை வருடத்தில் பதினான்கு பேட்டிகளை அங்கே எடுத்திருக்கிறேன். நடத்துகிறவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். வருகிற வேலையே கைக்குச் சரியாக இருக்கிறது, பெயரைப் போடாதீங்க அக்கா என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

பேட்டி எடுக்கிறவர்கள் இப்படி ஓர் அறையைப் பார்க்கப் போனால் மைக் என்ன கம்பெனி, கேமரா எத்தனை என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது விருந்தினர் உட்காரும் நாற்காலியில் நானே போய் உட்கார்ந்து பார்க்கிறேன். அங்கிருந்து வாசல் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

ஏன் என்று சொல்ல, நான் யாரிடம் என்ன கேட்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். வானொலியில் ஒன்பது வருடம் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தேன். மூன்று வருடமாக, எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட நாட்களில் ஏதோ ஒரு பொறுப்பில் இருந்தவர்களிடம் பேட்டி எடுத்து வெளியிடுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல், 2015 வெள்ளம். நிவாரணப் பட்டியல் எழுதியவர்கள், ஏரிக்கரை வேலை பார்த்தவர்கள், முகாம் நடத்தியவர்கள், ஊர்ப் பஞ்சாயத்தார். பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். மைக் முன்னால் முதல் தடவையாக உட்காருகிறவர்கள். அவர்களிடம் நான் கேட்க வேண்டியது, வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகூட இதுவரை கேட்காத கேள்வி.

அப்படிப்பட்டவரை மூலையில், முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்கும்படி உட்கார வைத்தால் கழுத்து இறுகிவிடும். எழுந்து போகலாம் என்று தெரிந்தவர்தான் எழுந்து போகாமல் பதில் சொல்கிறார். பதினான்கு பேட்டிகளில் நான் படித்துக்கொண்டது அதுதான். இந்த அறையில் விருந்தினர் நாற்காலி வாசலைப் பார்த்து இருக்கிறது. கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி. வெளியே வராந்தா பெஞ்சும், கூட வந்த பேரனோ மருமகளோ உட்கார்ந்திருப்பதும் தெரியும். என் நாற்காலி எதிரே கிடையாது. ஒரு பக்கமாக, தூணும் உத்தரமும் சேருகிற மாதிரி. நேருக்கு நேர் உட்கார்ந்தால் கண்ணை எடுப்பதே தோல்வி மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டில் இருந்தால் அவர் பேசும்போது எங்கோ பார்த்துக்கொண்டு பேசலாம். பழையதை நினைத்துப் பேசுகிறவர்கள் எல்லோருமே எங்கோ பார்த்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

நாற்காலிக்குச் சக்கரம் இல்லை, சுழலவும் சுழலாது. கை வைத்த மர நாற்காலி, மேலே ஒரு திண்டு. சுழல் நாற்காலியில் பதற்றக்காரர் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருப்பார், மைக்கில் குரல் ஏறி இறங்கும். சுவர்க் கடிகாரத்தை விருந்தினர் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள். அவர் பேசும்போது நான் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. பேட்டி எடுக்கத் தெரிந்த யாரோ ஒருவர் இந்த அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று முதல் நாளே தோன்றியது. கேட்டேன். தம்பி சொன்னான், "எங்க அப்பா நோட்டரி ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தாருக்கா. ஜனங்க எப்ப வாய் தொறப்பாங்க, எப்ப மூடிக்குவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

இதற்கு முன் வேறொரு ஊரில் வேறொரு அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பளபளவென்று இருக்கும். விருந்தினருக்கு எதிரிலேயே பெரிய திரை, அதில் அவர் முகம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அங்கே கூட்டிப் போனேன். 2015இல் உடைந்த ஒரு கரையின் வேலையை முன்னர் மேற்பார்வை பார்த்தவர். எனக்கும் அவசரம். மூன்றாவது நிமிடத்திலேயே, "அந்தக் கரை ஏன் தாங்கல?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தார். தலைமுடியைச் சரிசெய்தார். அடுத்த நாற்பது நிமிடமும் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா" என்பதையே விதவிதமாகச் சொன்னார். அந்தப் பேட்டியை நான் வெளியிடவில்லை. அவரிடம் சொல்வதற்கு இருந்தது என்பது அவர் போகும்போது படியில் நின்று யோசித்த விதத்திலேயே தெரிந்தது. கெடுத்தவள் நான்தான். திரைக்கும் அதில் பங்கு உண்டு. புதுச்சேரி அறையில் திரை சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. பதிவு செய்கிற தம்பி மட்டும் பார்க்கலாம்.

அந்த "ஏன்" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் "ஏன்" என்றாலே கண்டிக்கிற மாதிரிதான் காதில் விழும். "ஏன்டா லேட்டு" என்று கேட்கிற அப்பாவின் ஏன் அது. "அன்னைக்கு என்ன நடந்துச்சு, யார் யார் உட்கார்ந்திருந்தீங்க, நோட்டு யார் கையில இருந்துச்சு" என்று கேட்டால் அந்த ஏனுக்கான பதில் தானாக வந்து விழுகிறது. "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பிப்பதையும் விட்டுவிட்டேன். அதைக் கேட்டதுமே எதிரில் இருப்பவர் தப்பாக எடுத்துக்கொள்ளத் தயாராகிவிடுகிறார். சிரித்துக்கொண்டே கேட்பதும் கூடாது. கடினமான கேள்வியைச் சாதாரணக் குரலில், சுருக்கமாக, மரியாதையாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

வாயை மூடிக்கொள்வதற்கு அறை ஒத்துழைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் இவர்களுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர். 2005இல் அங்கே நிவாரணப் பட்டியல் எழுதிய பஞ்சாயத்தாரில் ஒருவர் வந்திருந்தார். எழுபத்தாறு வயது, நல்ல உயரம், கட்டுமரம் தள்ளிய தோள். முதல் இருபத்தைந்து நிமிடம் சுனாமி வந்த காலையைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் உள்வாங்கினது, யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார், எந்த மேட்டில் நின்றார். அதில் எனக்கு அவசரமே இல்லை, அதை முழுசாகக் கேட்டாக வேண்டும். தன் இழப்பைக் கேட்டுக்கொள்ளாத ஒருத்தியிடம் ஒருவர் தன் தவறைச் சொல்ல மாட்டார். பிறகு பட்டியலுக்கு வந்தோம். "தலைக்கட்டு வரி நோட்டப் பாத்துதாம்மா எழுதினோம்" என்றார். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்குகிற வரி அது.

"அந்த நோட்ட எடுத்து வச்சு எழுதின அன்னைக்கு, புருஷன் செத்துப்போன வீடு உங்க ஊர்ல எத்தனை ஐயா?"

"பதினொண்ணு."

"பட்டியல்ல எத்தனை?"

அவர் வாசலைப் பார்த்தார். நான் அவர் தலைக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பது விநாடி ஓடியது. ஐம்பது விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பதிவு செய்த தம்பி அசையவில்லை, செல்போனைத் தொடவில்லை, ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்க்கவில்லை. விருந்தினர் முகத்தையும் பார்க்கவில்லை, தன் முன்னால் இருந்த லெவல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு இடங்களில் இந்த நேரத்தில்தான் யாராவது தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். கரிசனம்தான், ஆனால் அந்தக் கை குறுக்கே வந்ததும் எல்லாம் போய்விடும்.

"நோட்டுல ஆம்பள பேருதான் இருந்துச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நோட்டு மேல பழியப் போடுறேன் பாரு. அந்தப் பொண்ணுங்க வாசல்லதான் நின்னுச்சுங்க. நாங்க உள்ள உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தோம். எல்லாந் தெரியும்மா எனக்கு."

பேட்டி முடிந்து அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தார். அண்ணன்காரர் அவரிடம் என்ன பேசினார் தெரியுமா? இந்த வருடம் நெத்திலி எப்படி என்று. இருபது நிமிடம் நெத்திலி பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு பேட்டிக்குப் பிறகு ஒருவரை நேரே பஸ் ஏற்றி அனுப்பக் கூடாது. அந்த இருபது நிமிடத்துக்கும் காசு வாங்கவில்லை.

அதேபோல முதல் கால் மணி நேரத்தையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு இது 700 ரூபாயை விடப் பெரிது. அந்தக் கால் மணி நேரத்தில்தான் வராந்தாவில் உட்கார்ந்து விருந்தினரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லுவேன். போனிலேயே சொன்னதுதான், இன்னொரு முறை. என்னென்ன விஷயம் கேட்கப் போகிறேன் என்பதைக் கசப்பானதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். கேள்வியின் சொற்களைச் சொல்ல மாட்டேன், விஷயத்தை மறைக்க மாட்டேன். "இதப் பேச விருப்பமில்லைன்னு எந்தக் கேள்விக்கும் நீங்க சொல்லலாம். அப்படிச் சொன்னதும் பேட்டில இருக்கும்." தேதி, தொகை, பெயர் தப்பாகச் சொல்லிவிட்டால் பிறகு திருத்தலாம், சொன்ன கருத்தை எடுக்க முடியாது என்பதையும் சொல்வேன். நேரம் ஓடுகிறது, மீட்டர் ஓடுகிறது என்ற நினைப்பு இருந்தால் இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல முடியுமா?

கடலூர்க்காரர்களைப் புதுச்சேரி வரை கூட்டிப் போவானேன் என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டில் எடுத்துப் பார்த்தேன். ஜன்னலில் நான்கு தலை. விருந்தினர் என்னிடம் பேச மாட்டார், ஜன்னலிடம் பேசுவார். முள்ளோடை சோதனைச்சாவடியைத் தாண்டிக் கன்னியகோவில் வந்ததும் பலர் தோளைத் தளர்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் நல்லது. ஆனால் பேருந்தில் விஷயத்தைத் தொடவே கூடாது. அங்கேயே பேசித் தீர்த்துவிட்டால், அறையில் பதிவாவது இரண்டாம் தடவை சொல்வதுதான், அதில் உயிர் இருக்காது. நான் தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் கடக்கிற வரை கல்யாணச் செலவு பற்றியும் முட்டி வலி பற்றியும்தான் பேசுவேன்.

மைக் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு காலர் மைக், இரண்டு ஸ்டாண்ட் மைக் வைத்திருக்கிறார்கள். நான் எப்போதும் ஸ்டாண்ட் மைக்தான் கேட்பேன், ஆனால் வீடியோ வேண்டும்போது காலர் மைக் மாட்டியாக வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு இது சங்கடம். பல இடங்களில் ஓர் ஆள் வந்து புடவைத் தலைப்பை விலக்கி மாட்டுவான். அந்த அம்மாவுக்கு அப்போதே பாதி பேச்சு போய்விடும். இங்கே பக்கத்தில் திரைச்சீலை போட்ட ஒரு மறைவு, கண்ணாடி, ஒரு சேஃப்டி பின் டப்பா. மைக்கை அவர்கள் கையில் கொடுத்து, எங்கே குத்த வேண்டும் என்று படம் ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீரும் எவர்சில்வர் டம்ளரில், மூடி போட்டு. பிளாஸ்டிக் பாட்டில் நசுங்குகிற சத்தம் நல்ல வாக்கியங்களைத் தின்றுவிடும்.

குறைகள் உண்டு. பதிவின்போது ஏசியை நிறுத்திவிடுகிறார்கள். சத்தத்துக்காக அது சரிதான், ஆனால் சித்திரை வைகாசியில் இருபது நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். நான் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் ஒரு விதத்தில் வசதிதான், கடினமான கேள்விக்கு முன் ஓர் இடைவேளை கிடைக்கிறது. ஞாயிறு காலையில் இருதய ஆண்டவர் பசிலிக்காவின் மணி உள்ளே கேட்கும். எனக்கு அது தொல்லை இல்லை, சுத்தமான ஒலி வேண்டுகிறவர்கள் வேறு கிழமை பாருங்கள். கழிப்பறை முதல் மாடியில், பொதுவானது. ஒரு முறை மெமரி கார்டு நிறைந்து இரண்டு நிமிடம் பதிவாகாமல் போனது. அவர்களே சொல்லி, அன்றைய பணத்தைத் திருப்பித் தந்தார்கள். என் செல்போனில் எப்போதும் தனியாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் தப்பித்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், எந்த அறையானாலும்.

அந்த இரண்டு நிமிடத்தில் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு படகுக்காரர். அந்தப் பேட்டியைச் சொல்லாமல் இந்த அறையைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

மீன் கூட்டத்தை வளைத்து, அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளுகிற சுருக்குமடி வலை எங்கள் கடற்கரையில் ஊருக்கு ஊர் பகை வளர்த்த விஷயம். தமிழ்நாட்டில் 2000இலேயே தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனை போட்டு அனுமதித்தது. என் விருந்தினர் அந்த வலை வைத்திருப்பவர், அதை ஆதரித்துப் பேசுகிறவர். துறைமுகம், டீசல், கூலி என்று அரை மணி நேரம் நன்றாகப் பேசினார். நியாயமான வாதங்கள் அவரிடம் இருந்தன, அவற்றை ஒன்றுவிடாமல் கேட்டேன். பிறகு கேட்டேன்: "அண்ணே, செவ்வாய்க்கெழமை உங்க படகு எங்க நிக்கும்?"

எழுந்தார். காலர் மைக்கோடவே கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. அண்ணன்காரர் வராந்தாவில் அவர் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, மைக்கை மட்டும் அணைத்தார். அணைத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லவும் சொன்னார். இதை நான் கேட்டு அவர் செய்யவில்லை. வெளியே போனவர் தனக்குள் பேசுவதைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிற அறைகளும் இருக்கின்றன. பத்து நிமிடம் ஆயிற்று. கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்துகொண்டே இருந்தது. தானாகத்தான் திரும்பி வந்தார்.

"கடல்லதான் நிக்கும். எழுதிக்குங்க. வலைக்கு வாங்கின கடன் செவ்வாய்க்கெழமை லீவு உடுமா?"

பிறகு அவர் பேசியதுதான் அந்தப் பேட்டி. கடனைப் பற்றி, எதிர்த்த ஊரில் இருக்கும் தன் அக்கா வீட்டோடு பேச்சு நின்றுபோனதைப் பற்றி, வலையில் ஏறுகிற குஞ்சு மீனைப் பார்க்கும்போது தன் அப்பா நினைவு வருவதைப் பற்றி. முடிந்ததும் நான் சொன்னேன், "இது வெளிய வந்தா மீன்வளத் துறையில கேள்வி வரும். ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுங்க." கருத்தை எடுக்க மாட்டேன் என்ற என் விதியை நானே தளர்த்திய ஒரே தடவை அது. ஒருவரை இளக வைத்துப் பேச வைத்த பிறகு, அந்த இளக்கத்தையே அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். மூன்றாம் நாள் போன் செய்தார். முகமும் படகுப் பெயரும் வேண்டாம், பேச்சு இருக்கட்டும் என்றார்.

1997இல் பிபிசியில் பேட்டியாளர் ஜெரமி பாக்ஸ்மன், பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு முறை கேட்டதை உதாரணம் காட்டி, "நீங்க ரொம்ப மென்மை" என்று என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. பதவியில் பழகியவரிடம், பேசுவதையே தொழிலாகச் செய்பவரிடம் அது சரி. நானும் செய்வேன். 1977இல் பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்ட் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் நிக்சனோடு 28 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்ததும் அப்படிப்பட்ட ஆளோடுதான். எங்கள் பஞ்சாயத்துப் பெரியவரிடம் ஒரு முறை கேட்டால் போதும். கேட்டுவிட்டு ஐம்பது விநாடி தாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை படி. முப்பத்தெட்டுப் படி, லிஃப்ட் கிடையாது. வயதானவர்களை நடுவில் உட்கார வைத்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. மேலே வந்ததும் மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சோடு கேள்வி கேட்க முடியாது.

பஞ்சாயத்துப் பெரியவரின் பேட்டி வெளிவந்த பிறகு, அந்தப் பதினொரு வீட்டில் ஒரு வீட்டு அம்மா ஆள் சொல்லி அனுப்பினார். தானும் பேச வேண்டுமாம். முதுநகர் மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்கிறவர். நேரில் போய்ப் பார்த்தேன். "நான் வரேம்மா. மாடி மட்டும் ஏத்தாத, முட்டி போயிடுச்சு" என்றார். அண்ணன் தம்பியிடம் சொன்னேன். கீழே பெயின்ட் டப்பாவும் பழைய பெஞ்சும் போட்டு வைத்திருக்கும் ஓர் அறையை ஒரு நாளைக்காவது காலி செய்து தரச் சொல்லிக் கட்டடக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் சாவி வாங்கித் திறந்து காட்டினார்கள். தெருச் சத்தம் வரும், நான்கு போர்வை தொங்கவிட்டால் சமாளிக்கலாம் என்றான் தம்பி. நான் ஒரு பெயின்ட் டப்பாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வாசல் தெரிந்தது.